மூடி மாறிய இரண்டு பேனாக்கள்

மார்ச் 3

நான் சொல்கிறேன், மருமகள் எழுதுகிறாள். எனக்கு எழுத்து வராது. சொன்னதைத் திருத்தக்கூடாது என்றதும் சிரிக்கிறாள். அதையும் எழுது என்றேன்.

மரப்பெட்டி வந்துவிட்டது. மூன்று இழுப்பறை, ஒவ்வொன்றிலும் மெத்தென்று துணி ஒட்டிய இருபது பள்ளம். பதிவு அலுவலகத்தில் முப்பத்தெட்டு வருஷம் பியூன். காலையில் எல்லார் பேனாவுக்கும் மை ஊற்றியது நான்தான். ஓய்வு பெறும்போதும் மாற்றலாகும்போதும் ஆளுக்கொன்றைக் கையில் திணித்துவிட்டுப் போனார்கள். அறுபது பேனா. இத்தனை நாள் பிஸ்கட் டப்பாவில் இடித்துக்கொண்டு கிடந்தன.

மார்ச் 4

ஊறவைத்து, கழுவி, காயவைத்து, வந்த வரிசையிலேயே படுக்கவைத்தேன். எது யாருடையது, எந்த மேஜை, நிப் எந்தப் பக்கம் தேய்ந்தது – எல்லாம் தெரியும்.

மார்ச் 9

மகன் பேனா சங்கத்துச் செயலாளரைக் கூட்டிவந்தான். அடுத்த மாதம் நூலகத்தில் கண்காட்சி, நம் பெட்டியும் வேண்டுமாம். பூதக்கண்ணாடியில் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"பெரியவரே, இதெல்லாம் கம்பெனிவாரியா இருக்கணும். பேர் எழுதின அட்டை வைக்கணும். இப்படிக் கலந்துகட்டி வெச்சா யாருக்குப் புரியும்?"

"எனக்குப் புரியுது."

"உங்களுக்குப் படிக்க வராதுன்னு பையன் சொன்னாரு."

வராதுதான். அதற்கு ஏன் குரலை இறக்குகிறார்? எனக்கென்ன நோயா?

மார்ச் 10

அட்டை வேண்டாம். முடிவு.

மார்ச் 16

நான் பல் டாக்டரிடம் போயிருந்த நேரத்தில் செயலாளர் வந்து மொத்தத்தையும் மாற்றி அடுக்கிவிட்டார். பெட்டியைத் திறந்துவிட்டது என் மகன்.

பத்தொன்பதாவது பேனாவிலும் இருபதாவதிலுமா கை வைப்பார்? கறுப்புப் பேனாவுக்குப் பச்சை மூடி, பச்சைக்குக் கறுப்பு. யாரோ தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்று 'சரி' பண்ணியிருக்கிறார்.

ரெக்கார்டு கிளார்க்கும் கணக்கரும் மாமன் மச்சான். எதிரெதிர் மேஜை, பதினோரு வருஷம் பேச்சில்லை. நாலடி தூரத்துக்கு நான் தூது. மறுபடி பேசிய அன்று மூடியை மாற்றிக்கொண்டார்கள். "இனிமே எவன் கோவிச்சுக்கிட்டு மூடியத் திருப்பிக் கேக்கறானோ, அவன் பேனா காஞ்சு போகட்டும்" என்றார் கணக்கர். ஒரே மாதம் ஓய்வு பெற்றார்கள். அப்படியே என்னிடம் கொடுத்தார்கள்.

"யாரக் கேட்டுத் தொறந்தே?"

"அவரு விவரம் தெரிஞ்சவருப்பா. முப்பது வருஷமா பேனா சேக்கறாரு."

"அவரு சேத்தாரு. எனக்குக் குடுத்தாங்கடா."

மருமகள் உதவிக்கு வந்தாள். வேண்டாம் என்றேன். அறுபதையும் நானே பழையபடி வைத்தேன். மூடி உட்பட.

மார்ச் 17

செயலாளர் போன் பண்ணினார். வரிசையும் அட்டையும் இல்லாவிட்டால் வைக்க முடியாதாம். வைக்காதீங்க என்றேன்.

ஆசை இல்லையா? இருக்கிறது. அந்த நூலகத்துக்குள் நான் காலெடுத்து வைத்ததே இல்லை. அதற்காக இன்னொருத்தர் அட்டைக்குக் கீழே போய்ப் படுக்க என் பேனா சம்மதிக்காது. நானும்தான்.

மார்ச் 24

வாசலில் செயலாளர். மூடிக் கதையை மருமகள் போனில் சொல்லியிருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை கள்ளி. (இதை எழுதமாட்டேன் என்கிறாள். எழுதிவிட்டாள்.)

"தப்பு என்னுதுதான், பெரியவரே. ஆனா அட்டை இல்லாம ஜனங்க என்னத்தப் பாக்கும்?"

"முப்பத்தி நாலாவது பேனாவக் கையில எடுங்க."

எடுத்தார். சொன்னேன். ஐம்பத்தொன்றை எடுத்தார். அதன் கதையையும் சொன்னேன். காப்பி ஆறிப்போனது. கடைசியில், "சரி, அட்டை வேணாம்" என்றார்.

"நாற்காலி வேணும்."

"யாருக்கு?"

"பின்ன, பெட்டி பக்கத்துல நாள் முழுக்க நின்னுக்கிட்டா சொல்லுவேன்?"

ஏப்ரல் 13

தொண்டை கட்டிவிட்டது. கண்காட்சி இரண்டு நாளும் ஓயாத பேச்சு. கூட்டம் நகரவே இல்லை. இன்று டாக்டர் வாயைத் திறக்காதே என்கிறார். ரகசியம் பேசுகிறவன் மாதிரி இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று மத்தியானம் செயலாளர் தன் பேனாக்களை வைத்திருந்த கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்திலும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அரைமணி நேரம் இருக்கும். பிறகு எழுந்து வந்து என் கூட்டத்தில் நின்றுகொண்டார்.