செம்பில் குறைந்த தண்ணீர்

அக்டோபர் 14, செவ்வாய்

காரியம் முடிந்து உறவெல்லாம் கிளம்பிவிட்டது. சோறு வடித்தேன், பாத்திரம் கழுவினேன். அழுகை மட்டும் வரமாட்டேன் என்கிறது.

தண்ணீர் வைப்பதைக் கருமாதியோடு நிறுத்திவிடச் சொன்னாள் நாத்தனார். நிறுத்தவில்லை. தறிக்குப் பக்கத்தில், அவர் படத்துக்கு முன்னால் செம்பு இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கடைசியாகத் தண்ணிதான் கேட்டார். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது, கொடுக்கக் கூடாது என்றார்கள். செம்பில் குறைந்தால் அவர் குடித்தார் என்று நினைத்துக்கொள்கிறேன். குறைந்ததை மட்டும் ஊற்றி நிரப்புகிறேன். மிச்சத்தைக் கொட்ட மனம் வருவதில்லை.

அக்டோபர் 16, வியாழன்

டெங்குவில் ஆள் போன வீடு இருக்கிறதென்று நம் தெருவுக்குத்தான் அடிக்கடி வருகிறார்கள். புகை அடித்தார்கள். கொசுப்புழு பார்க்க வரும் ரேவதி டிரம்மில் மருந்து ஊற்றினாள். தறி ரூமில் தண்ணீர் எதுவும் இல்லை என்று சொல்லி அனுப்பினேன். பொய் சொல்லவில்லை. அதைத் தண்ணீர் என்றே எனக்குத் தோன்றவில்லை.

அக்டோபர் 18, சனி

சத்யாவுக்கு உடம்பு சுடுகிறது. பயம் வர வேண்டாமா எனக்கு? பெற்றவள்தானே — மரக்கட்டை மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

டெங்கு. சேர்த்துக்கொண்டார்கள்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. வெளியே வெடிச் சத்தம். ரத்தத்தில் தட்டணு இறங்கிக்கொண்டே போகிறது. குடிக்க ஏதாவது கொடுத்துக்கொண்டே இருக்கச் சொல்கிறார்கள். உதட்டை இறுக்கிக்கொள்கிறாள். கெஞ்சுகிறேன். கேட்டவருக்குக் கொடுக்கவில்லை, வேண்டாம் என்கிறவளுக்கு ஊட்டுகிறேன்.

அக்டோபர் 22, புதன்

என் அம்மாவைச் சத்யா பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். வாசலில் ரேவதி. இந்த முறை தறி ரூமையும் பார்க்கவேண்டும் என்றாள். டார்ச் அடித்தாள். செம்புக்குள் புழுக்கள் நெளிந்தன.

“இதுலேர்ந்து வந்ததுதான் என் பொண்ணக் கடிச்சிச்சா?”

“அது யாருக்குக்கா தெரியும். வாரத்துக்கு ஒருவாட்டி எல்லாத்தையும் கொட்டித் தேயுங்கன்னுதான் வீடு வீடா சொல்லிக்கினு இருக்கோம்.” டார்ச்சைப் படத்தின் பக்கம் திருப்பினாள். “இத நான் கொட்டக்கூடாதுக்கா. நீங்கதான் கொட்டணும்.”

வாசல் சிமென்ட்டில் கொட்டினேன். அப்போதும் அழுகை வரவில்லை. துணியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அக்டோபர் 23, வியாழன்

தட்டணு ஏறுகிறதாம். கொஞ்சம்தான்.

அக்டோபர் 26, ஞாயிறு

சத்யா வீட்டுக்கு வந்துவிட்டாள். நேராகத் தறி ரூமுக்குத்தான் போனாள். தேய்த்து வைத்த செம்பு காலியாக இருந்தது.

“அப்பாவுக்குத் தண்ணி வெக்கலியாம்மா?”

குனிந்து செம்புக்குள் பார்த்தாள்.

“அப்பாவுக்குப் போதும்னு இருக்கும்மா. இவ்ளோ நாள் குடிச்சிருப்பாரு இல்ல?” என்றாள். பிறகு, “எனக்குத் தாகமா இருக்குது” என்றாள்.

காய்ச்சல் வந்த பிறகு அவளாகவே கேட்டது இதுதான் முதல் தடவை. அந்தச் செம்பிலேயே மொண்டு கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அவள் பயந்துபோய் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

செம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.