சனி மாலை இரைச்சல்

அன்பு மகளே,

உடலுக்கு ஒரு குறையும் இல்லை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நீயும் மருமகனும் அங்கே நலமாக இருப்பீர்கள் என்று நம்பியே எழுதுகிறேன். நேற்று நீ தொலைபேசியில் அழுதுவிட்டு வைத்தாய். ஆயிரம் பேர் நடுவே ஒலிவாங்கி இல்லாமல் முழங்கிய எனக்கு, ஒரே ஒருத்தி அழும்போது ஒரு சொல்லும் எழவில்லை. ஆகவே நடந்ததை முறையாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நான்கு வாரங்களாக, நீ அங்கிருந்து சிற்றலை வானொலியில் செய்தி வாசிக்கும் சனி மாலைக் கால் மணி நேரமும் என் வானொலியில் வண்டு குடைவது போன்ற இரைச்சல். உன் குரல் அதற்குள் புதைந்துபோயிற்று. கைப்பேசியில் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாமே என்றாய். உண்மைதான். ஆனால் நீ வாசித்து முடித்து உறங்கிய பின் கேட்பது வேறு, நீ மூச்சு வாங்கும் அதே நொடியில் கேட்பது வேறு. முதலில் அடுத்த வீட்டுத் தையல்காரம்மாவின் இயந்திரத்தின் மேல் பழி சுமத்தினேன். சுவரோரம் நின்று, தனியொருவர் வசதிக்காக ஊரார் காற்றைக் கெடுக்கலாமா என்று பேருரையே நிகழ்த்தினேன். அவர் ஊசியைப் பல்லில் கடித்தபடி முழுதும் கேட்டுவிட்டு, "முடிஞ்சுதாய்யா? கைதட்டணுமா? மெஷின் பெல்ட் அறுந்து நாலு நாளாச்சு. கத்துறது உங்க வீட்டுக்குள்ளதான், போய்ப் பாருங்க" என்றார். வானொலி பழுதுபார்ப்பவரிடம் போய்க் கேட்டேன். அவர் சொன்னபடி வானொலியை மின்கலத்தில் பாடவிட்டு, வீட்டு மின்சாரத்தை முழுதும் நிறுத்தினேன், இரைச்சல் நின்றது. மீண்டும் மின்சாரம் கொடுத்து ஒவ்வொரு செருகியாகப் பிடுங்கினேன். குளிர்சாதனப் பெட்டி, மேசை விளக்கு, கைப்பேசி மின்னேற்றி, எல்லாம் குற்றமற்றவை. எஞ்சியது, சென்ற மாதம் நீ வந்தபோது, அங்கிருந்தே என்னைப் பார்த்துக்கொள்ளக் கூடத்து மூலையில் மாட்டிவிட்டுப் போன படக்கருவி. அதன் செருகியைப் பிடுங்கியதும் வானொலி தெளிந்தது. அதன்மேல் எனக்கு ஐயமே எழவில்லை. அதை ஒரு கருவியாக நான் எண்ணவில்லை, நீ நிற்கும் இடமாகவே எண்ணியிருந்தேன்.

இரைச்சலை அடக்கப் பழுதுபார்ப்பவர் தந்த கரிய வளையத்தில் படக்கருவியின் கம்பியை ஏழு சுற்றுச் சுற்றினேன், பாதி குறைந்தது. வானொலியைச் சன்னலோரம் நகர்த்தினேன், இன்னும் கொஞ்சம் குறைந்தது. உன் குரல் மட்டும் மேலெழவில்லை. ஆகவே நேற்று நீ தொடங்குமுன் செருகியைப் பிடுங்கிவிட்டேன். நீ பேசினாய். மூன்றாம் செய்தியில் தொண்டை கட்டியிருந்தது. முடிந்த பிறகும் எழ மனமின்றி, நிலையம் அடங்கிய அலைவரிசையையே கேட்டுக்கொண்டு அமர்ந்துவிட்டேன், செருகியை மாட்டவில்லை. அங்கே நீ இருண்ட திரையைப் பார்த்து என்னை அழைத்தபடி இருந்திருக்கிறாய், என் கைப்பேசியோ படுக்கையறையில் ஒலியின்றிக் கிடந்தது. நீ அனுப்பிய தையல்காரம்மா மாற்றுச் சாவியோடு ஓடிவந்து, நாற்காலியில் என்னைக் கண்டதும், "பொண்ணு அங்க உயிரைக் கையில புடிச்சுட்டு நிக்குது, நீங்க வெறுங்காத்த கேட்டுட்டு இருக்கீங்களா?" என்று வைதார். வையட்டும், தகும்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. அந்தப் படக்கருவி வந்த நாள்முதல், நீ எந்நேரம் பார்ப்பாயோ என்று மடிப்புக் கலையாத சட்டையோடு கூடத்திலேயே அமர்ந்திருக்கிறேன். நீ பார்க்கிறாயா என்பது எனக்குத் தெரிவதில்லை. நீ வாசிக்கையில் நான் கேட்கிறேனா என்பது உனக்கும் தெரிவதில்லை. எத்துணைப் பெரிய கூட்டத்திலும் என் எதிரே ஒரு தலையாவது அசைந்தது, மகளே. இவ்வீட்டில் அது இல்லை.

இனிச் சனி மாலைக் கால் மணி நேரம் மட்டும் உன் திரை இருண்டிருக்கும், அஞ்சாதே. உன் ஒலிபரப்பு முடிந்ததும் செருகியை மாட்டிக் கையசைப்பேன். நான் மறந்தால் சுவரில் தட்டுவதாகத் தையல்காரம்மா சொல்லியிருக்கிறார், உலக்கையால்.

வெந்நீரில் உப்பிட்டுத் தொண்டையைக் கொப்பளி. இருவரும் எல்லா நலமும் பெற்று நெடிது வாழ்க. ஒன்று மறவாதே: அடுத்த சனி, செய்தி முடித்து வணக்கம் சொல்லுமுன் ஒரு நொடி நிறுத்து. மற்றவர்க்கு அது நீ மூச்சு வாங்கியதாகவே தோன்றும். நான் இங்கே தலையசைத்துக்கொள்வேன்.

இவண்,
உன் அப்பா