நாலாவது பத்தியில் அத்தை

3-ஆம் தேதி, மதியம்

அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. இங்கே இருவரும் நன்றாக இருக்கிறோம். உன் மாமாவுக்கு முழங்கால் வலி, எனக்கு உன் மாமா. நீங்கள் இருவரும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுவதாகத் தினமும் போனில் சொல்லிவிடுகிறீர்கள். அதனால் அதைக் கேட்டு இங்கே ஒரு வரியை வீணாக்கவில்லை.

நீ கேட்ட நீல கேசட்டை எடுத்து வைத்துவிட்டேன். நாளைக்குப் பார்சல் கட்டும்போது இந்தக் கடிதத்தையும் உள்ளே வைக்கிறேன். இருபதாம் தேதி அங்கே ஒரு ஹாலில், உன்னைப்போலப் பழைய வீடியோ கேம் பெட்டியில் பாட்டுப் போடுகிறவர்கள் எல்லாரும் கூடுகிறீர்கள், பெட்டி அவர்களே தருகிறார்கள், கேசட் வந்தால் போதும் என்று சொன்னாய். சரி. ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இந்த வீட்டில் இரண்டு வருஷம் நீ அந்தக் குண்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்து என்ன செய்தாய் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. விளையாடுகிற பெட்டியில் விளையாடாமல் பாட்டுச் செய்வானேன்? தையல் மிஷினை வாங்கி அதில் காய் நறுக்கப் போகிறேன் என்று நான் சொன்னால் நீ என்ன நினைப்பாய்?

உங்கள் அறை நீங்கள் விட்டுப்போனபடியே இருக்கிறது. பெட்டியின் மேல் தூசி விழாமல் ஒரு உறை தைத்துப் போட்டிருக்கிறேன். திரைச்சீலைத் துணியில் மிச்சம் வந்தது.

இன்னொரு நல்ல செய்தி. கேசட்டின் முதுகில் நீ ஒரு சீட்டு ஒட்டியிருந்தாயே, 'பேட்டரி பழசு, கவனிக்கணும்' என்று, அதைக் கவனித்துவிட்டேன். என் தையல் மிஷினுக்கு வைத்திருக்கும் சின்னத் திருப்புளியால் திறந்தேன். உள்ளே கோட்டுப் பொத்தான் அளவில் ஒரு பேட்டரி. நகத்தால் நெம்பியதும் வந்துவிட்டது. கடைக்காரரிடம் காட்டி அதே அளவில் புதிது வாங்கி வைத்து, பழையபடி மூடிவிட்டேன். உனக்கு ஒரு வேலை மிச்சம்.

ஒரு சந்தேகம். என் மகனுக்கு இந்த மாற்றல் தானாக வந்ததா, அவனே ஆபீசில் கேட்டு வாங்கினானா என்று உன் மாமாவிடம் கேட்டேன். 'வந்துச்சு' என்றார். பேப்பரை விரித்துக்கொண்டார். நான் அன்று சுவரைத் தட்டி, 'பூச்சி கத்துற மாதிரி என்ன இரைச்சல் இது, நிறுத்தும்மா' என்று சொன்னதற்கும், இரண்டாவது வாரம் மாற்றல் வந்ததற்கும் சம்பந்தம் இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அத்தை


5-ஆம் தேதி

மருமகளுக்கு,

முன் கடிதத்தைக் கிழிக்கத்தான் எடுத்தேன். பிறகு, என் முட்டாள்தனம் என் கையெழுத்திலேயே இருக்கட்டும் என்று வைத்துவிட்டேன். இரண்டையும் சேர்த்துத்தான் அனுப்புவேன்.

பார்சல் கட்டுமுன் ஒருமுறை ஓடுகிறதா என்று பார்த்துவிடலாமே என்று தோன்றியது. தைத்த சட்டையை மாட்டிப் பார்க்காமல் கொடுத்துப் பழக்கம் இல்லை எனக்கு. டிவி சரியாகத் தெரியவில்லை, மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர்தான் ஒரு காலத்தில் இந்தப் பெட்டிகளை விற்றவராம். வந்து போட்டார். படம் வந்தது. பாட்டு இருக்க வேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. 'பேட்டரிய கழட்டினீங்களாக்கா?' என்று கேட்டார். நான் பெருமையாக ஆமாம் என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அந்தப் பொத்தான்தான் அதற்கு ஞாபகமாம். எடுத்த அந்த நொடியே எல்லாம் மறந்துபோகுமாம். புதிதாக வைத்தால் திரும்ப வராதா என்றேன். வராதாம். எனக்குத் தலை சுற்றுகிறது. கடிகாரத்தில் பேட்டரி மாற்றினால் மணி நின்றுபோகும், திருப்பி வைத்துக்கொள்ளலாம். ஒரு நிமிஷம் பட்டினி போட்டதற்கு இரண்டு வருஷ உழைப்பை மறக்கிற பொருளை யார் கண்டுபிடித்தார்கள்? அப்படியானால் 'கவனிக்கணும்' என்று ஏன் எழுதினாய்? 'தொடாதே' என்று எழுதியிருக்கக் கூடாதா? கவனி என்றால் கவனிக்கத்தானே செய்வேன்!

உன்னைக் குறை சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன், தெரிகிறது. தப்பு என்னுடையது. எனக்குப் பயம் என்ன தெரியுமா? இதை யாரிடம் சொன்னாலும், வேண்டுமென்றே செய்தாள் என்றுதான் நினைப்பார்கள். இரைச்சல் என்று சுவரைத் தட்டிய மாமியார், மருமகள் ஊரில் இல்லாத நேரம் பார்த்துப் பாட்டை அழித்துவிட்டாள். நானே இன்னொரு வீட்டில் நடந்ததாகக் கேட்டால் அப்படித்தான் சொல்வேன். நேற்று நீ போனில் பார்சல் போட்டாச்சா என்று கேட்டாய். தபால் ஆபீசில் கூட்டம் என்று பொய் சொன்னேன். கூட்டமெல்லாம் இல்லை.

அழுதுவிட்டு, ஏதாவது வழி இருக்கிறதா என்று உன் மேஜையைத் துழாவினேன். அந்தக் கோடு போட்ட நோட்டு கிடைத்தது. மெக்கானிக் பார்த்துவிட்டு, பேட்டரி தீர்ந்துபோனாலும் இருக்கட்டும் என்று பாட்டை நீ தாளில் நகல் எடுத்திருக்கிறாய் என்றார். எனக்கு உயிர் வந்தது. பக்கத்துக்கு நாலு பத்தி, மேலிருந்து கீழாக. தலைப்பு 'நான்', 'அவர்', 'மாமா', 'அத்தை'. முதல் மூன்றிலும் எழுத்தும் எண்ணுமாக நிரம்பியிருக்கிறது. நாலாவதில் எண்ணே இல்லை. வெறும் சொற்கள்.

படித்தேன். மன்னித்துக்கொள், என் பெயர் இருந்ததால் படித்தேன். மேலே 'அத்தை: இரைச்சல்' என்று இருக்கிறது. அதற்குக் கீழே 'இங்கே அத்தை நிறுத்தம்'. இன்னொரு பக்கத்தில் 'அத்தை அதிகம், குறைக்கணும்'. மறுபடியும் 'அத்தை நிறுத்தம்'. எண்ணிப் பார்த்தேன், பதினோரு இடத்தில் என்னை நிறுத்தியிருக்கிறாய்.

இரண்டு வருஷத்தில் உன்னிடம் நான் அப்படி என்ன பேசிவிட்டேன்? இல்லை, பேசியிருப்பேன். எதுவென்றுதான் தெரியவில்லை.

அத்தை


14-ஆம் தேதி

என் கண்ணே,

இந்தப் பார்சல் உனக்குப் பதினெட்டுக்குள் வந்துவிடும் என்று தபால் ஆபீஸ் பெண் உறுதி சொன்னாள். கேசட் உள்ளே இருக்கிறது. பாட்டும் இருக்கிறது, என்னால் முடிந்தவரை. எப்படி என்று சொல்கிறேன்.

முந்தைய கடிதம் எழுதிய மறுநாள் மெக்கானிக், விளையாடுகிற ரிமோட்டில் எந்தப் பொத்தான் எதற்கு என்று காட்டிக்கொடுக்க வந்தார். வெட்கத்தை விட்டு அந்த 'அத்தை' பத்தியைக் காட்டி, இது என்ன வசவா என்று கேட்டேன். அவர் சிரித்தார். இந்தப் பெட்டிக்கே மொத்தம் நாலு குரல்தானாம். நாலாவதில் ராகம் வராது, உஸ் என்று சீறும், அவ்வளவுதான். அதற்குப் பேரே இரைச்சலாம். 'சீறுறதுல பதினாறு வகை இருக்குக்கா, அத வெச்சுத்தான் தாளம் போடணும், அது இல்லேன்னா பாட்டு நடக்காது, நின்னுரும்' என்றார். பதினாறு வகை என்றதும் உன் மாமா பேப்பருக்குப் பின்னாலிருந்து சிரித்தார். அவர் சிரித்துப் பல மாதம் ஆயிற்று.

மற்ற மூன்று பேரையும் நீ சரியாகத்தான் பிடித்திருக்கிறாய். 'அவர்' என்ற குரல், 'நான்' சொன்னதையே கொஞ்சம் பிந்தி, கொஞ்சம் மெல்லிசாகத் திருப்பிச் சொல்கிறது. என் மகனேதான். 'மாமா' அடிக்குரல். அதற்குச் சத்தம் கூட்டவோ குறைக்கவோ வழியில்லையாம். பேசுவார், இல்லாவிட்டால் பேசமாட்டார்.

மறுநாளிலிருந்து உட்கார்ந்தோம். காலையில் என் தையல், மதியத்துக்கு மேல் உன் பாட்டு. மாமா நோட்டைப் பார்த்துப் படிப்பார், நான் பொத்தானை அமுக்குவேன். ஒன்பதுக்கு அடுத்து பத்து வராமல் 'ஏ' வருகிறது. இது என்ன கணக்கு? நாற்பது வருஷமாக அளவு நாடாவோடு வாழ்ந்தவளுக்கே தடுமாறிவிட்டது. முதல் நாள் முழுக்கச் செய்ததைப் பதியாமல் டிவியோடு பெட்டியையும் அணைத்துவிட்டோம். யார் அணைத்தது என்று இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். அவர்தான்.

ஆனால் ஒரு அதிசயம் கேள். ஒரு இடத்தில் நான் தப்பாக அமுக்கிவிட்டேன், எனக்கே தெரியவில்லை. ஓட்டிப் பார்த்தபோது மாமா, 'அங்க அப்படி இல்ல, மேல ஏறும்' என்றார். நோட்டைப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. பேப்பர் படிக்கிறேன் என்று இரண்டு வருஷமும் உன் பாட்டைத்தான் கேட்டிருக்கிறார் மனுஷர். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மூன்று குரலும் நாலு நாளில் முடிந்தன. நாலாவதில் திகைத்து நின்றோம். எண் இல்லாமல் எதை அமுக்குவது? அப்போதுதான் மற்ற சொற்களையும் நிதானமாகப் படித்தேன். 'ஓரம் அடித்தல்'. 'காஜா'. 'நூல் அறுந்தது'. பொத்தான் துளைக்குக் காஜா என்ற சொல் உனக்கு எப்படித் தெரியும்? சட்டையில் பொத்தான் அறுந்தால் கொண்டுவந்து என்னிடம் போடுகிற பெண் நீ. பிறகுதான் உறைத்தது. உங்கள் அறைக்கும் என் மிஷினுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். உன் சத்தம் எனக்கு வந்த வழியில்தானே என் சத்தமும் உனக்கு வந்திருக்கும். நீ சுவரைத் தட்டவில்லை. தாளம் போட்டுக்கொண்டாய்.

அந்த 'நிறுத்தம்' எல்லாம் மூலைகள். உறை தைக்கும்போது ஓரமாக ஓட்டிக்கொண்டே வந்து, மூலையில் நிறுத்தி, துணியைத் திருப்பி மறுபடி மிதிப்பேன். பதினோரு நிறுத்தமும் அதுதான். மிஷினில் உட்கார்ந்து தைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். 'அத்தை அதிகம், குறைக்கணும்' என்பதற்கு மட்டும் விளக்கம் தேடவில்லை. அது நான்தான்.

உன் குறிப்பை வைத்துக்கொண்டு, காஜா என்றால் காஜா, ஓரம் என்றால் ஓரம் என்று தைத்தேன். மாமா பக்கத்தில் உட்கார்ந்து, சத்தம் வந்தால் புள்ளி, வராவிட்டால் கோடு என்று பென்சிலால் குறித்தார், அதைப் பார்த்துப் பிறகு நாலாவது குரலில் அமுக்கினேன். சொன்னால் நம்பமாட்டாய், என் மிஷின் சத்தத்தை நான் இத்தனை வருஷத்தில் கேட்டதே இல்லை. கேட்க ஆரம்பித்ததும் கால் இடறியது. பள்ளிக்கூடச் சீருடை ஒன்று கோணலாகப் போய்ப் பிரித்துத் தைத்தேன். பெடலை மிதிக்கு முன்னால் ஒரு 'டக்' வருகிறதே, துணியை அழுத்தும் பாதத்தை இறக்கும் சத்தம், அது எனக்கே தெரியாது. நோட்டில் நீ அதையும் எழுதியிருக்கிறாய். 'தொடங்குமுன் ஒரு டக்' என்று.

உன் பாட்டு நல்ல பாட்டா என்று கேட்காதே, எனக்கு இன்னும் புரியவில்லை. பூச்சிதான் கத்துகிறது. ஆனால் நேற்று இட்டிலிப் பானை துலக்கும்போது அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தேன் என்று மாமா சொல்கிறார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், அவர் பொய் சொல்லும் அளவுக்குப் பேசமாட்டார்.

இப்போது கடைசிப் பக்கம். அங்கே மற்ற மூன்று பத்தியும் காலி. நாலாவதில் 'அத்தை மட்டும்' என்று எழுதியிருக்கிறாய். என்ன தைக்கிறேன் என்று குறிப்பு இல்லை. அன்றைக்குக் கையில் இருந்த தலையணை உறையை வைத்தேன். முழுப் பாட்டையும் ஓட்டிக் கேட்டோம். முதலில் நீ நின்றுவிடுகிறாய். பிறகு அவன். பிறகு மாமா. மிஷின் மட்டும் கொஞ்ச நேரம் ஓடி, அதுவும் நிற்கிறது. மாமா ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு முகம் கழுவப் போய்விட்டார்.

சாயங்காலத்தில் வீடு இப்போது அப்படித்தான் இருக்கிறது. எனக்குப் புரியாதது என்னவென்றால், இதை நீ இங்கே இருக்கும்போதே எழுதியிருக்கிறாய். போகப் போகிறாய் என்று தெரிந்து எழுதினாயா? பாவம் அத்தை என்று எழுதினாயா? விட்டது தொல்லை என்று எழுதினாயா? வெறும் தாளத்துக்காகத்தானா? எத்தனை தடவை கேட்டும் அந்தச் சீறலிலிருந்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மாற்றல் வந்ததா, வாங்கியதா என்று இனி யாரிடமும் கேட்கமாட்டேன். உன்னிடமும்தான்.

பாட்டை அழித்தது தெரியாமல் செய்தது. சத்தியம். சுவரைத் தட்டியது தெரிந்தேதான் செய்தேன். அதற்கு மன்னித்துவிடு.

புது பேட்டரி பத்து வருஷம் தாங்கும் என்கிறார் மெக்கானிக். இனி அதை நான் தொடமாட்டேன். பெட்டியும் குண்டு டிவியும் இங்கேயே இருக்கட்டும், அவற்றையும் அனுப்பு என்று மட்டும் சொல்லாதே. இருபதாம் தேதி உன் இஷ்டப்படி வாசி. எல்லாரும் கைதட்டட்டும், நீ நன்றாக இருப்பாய். அதற்கப்புறம் என்றைக்காவது, அவசரம் இல்லை, அந்தக் கடைசிப் பக்கத்தை ஒருமுறை கவனிக்கணும். அத்தைக்குப் பக்கத்தில் இன்னொரு குரலுக்கு இடம் காலியாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
நாலாவது பத்தி