வால் முளைத்த பொட்டு

அக்டோபர் 3

பார்சல் வந்துவிட்டது. காற்று அதைப் படியிலிருந்து புரட்டி டிரெய்லர் வீட்டுக்கு அடியில் தள்ளியிருந்தது. குப்புறப் படுத்து இழுத்தேன்.

கைத்துப்பாக்கியின் தலையில் உட்காரும் சின்னக் கண்ணாடி இது. ரெட் டாட். உள்ளே பார்த்தால் ஒரு சிவப்புப் பொட்டு மிதக்கும், பொட்டு எதன்மேல் இருக்கிறதோ அங்கே குண்டு போகும். நான் பார்த்தால் பொட்டு இல்லை. கமா. வாலைச் சுருட்டிக்கொண்டு படுத்திருக்கும் சிவப்புக் கமா.

வேட் நவம்பரில் ஜெயிலிலிருந்து வருகிறான். அக்கா லார்க்கின் முன்னாள் புருஷன். லார்க்கும் குழந்தை போஸியும் கோடையிலிருந்து என்னோடுதான் இருக்கிறார்கள். அவன் இந்தப் பக்கமே வரக்கூடாது என்று கோர்ட் உத்தரவு இருக்கிறது. உத்தரவு காகிதம். லார்க் துப்பாக்கியைத் தொடமாட்டாள். அப்போ யாரு? நான்தான். ஒரு கமாவை வச்சுக்கிட்டு?

அக்டோபர் 5

பார்சல் அனுப்பிய துப்பாக்கிக் கடையில் பூன் இருந்தான். பள்ளியில் எனக்குப் பின் பெஞ்சு. அவன் காலேஜை முடித்தான், நான் ஒரு பருவத்தோடு ஓடிவந்தேன். பெட்டியை அவன் முன்னால் போட்டேன்.

"இது பழுது."

"பாதி ஊரு இதைத்தான் இடுப்புல மாட்டிட்டுத் திரியுது. ஒருத்தரும் குறை சொல்லல."

"அவங்க நான் இல்லையே."

"கடவுள் புண்ணியம்."

திட்டிக்கொண்டே மாற்றிக் கொடுத்தான். அவன் சொன்னதில் ஒன்று உருப்படி. திறந்த மாதிரியில் சட்டைப் பஞ்சு அடையும், ஒரு பனித்துளி உள்ளே விழுந்தால் பொட்டு காலி. "எல்லாப் பக்கமும் மூடினதை எடு. பேட்டரியைப் பிறந்தநாளைக்குப் பிறந்தநாள் மாத்து, சாகாது." கேட்டேனா? இல்லை. திறந்ததுதான் எடை குறைவு.

அக்டோபர் 9

கனவு. சமவெளி முழுக்கச் சிவப்புப் பூச்சிகள், ஒன்றன் பின் ஒன்றாக வேலியைத் தாண்டின. நான் எண்ணவில்லை. பயமும் இல்லை.

அக்டோபர் 14

இரண்டாவது கண்ணாடியில் பொட்டு ஒரு பூ. இதழ் விரிந்து, ஓரம் கலைந்து, தண்ணீரில் விழுந்த மாதிரி. உண்மையைச் சொன்னால் அழகாகத்தான் இருக்கிறது. சும்மா பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

லார்க்கின் நகப்பூச்சை எடுத்து கண்ணாடியைத் துப்பாக்கியோடு பிடித்திருக்கும் ஸ்க்ரூவின் குறுக்கே ஒரு கோடு போட்டேன். கோடு விலகினால் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இங்கே எல்லாரும் செய்கிற வேலை. "என் பவளக் கலரா கிடைச்சுது உனக்கு?" என்று கத்தினாள்.

சரளைக் குழியில் போய்ச் சுட்டேன். கோடு விலகவில்லை. குண்டுகள் மட்டும் காகிதத்தில் அங்கொன்றும் இங்கொன்றும். பூவில் எந்த இதழை வைத்துக் குறிபார்ப்பது?

அக்டோபர் 19

மூன்றாவது. நாலு பக்கமும் மூடியது. பொட்டு: திராட்சைக் கொத்து.

போதும். மூணும் பழுதுன்னா கடையே பழுது. கம்பெனிக்கே எழுதப்போகிறேன். அத்தாட்சி வேண்டுமே, துப்பாக்கியிலிருந்து கழற்றி ஜன்னலோரம் வைத்து போன் கேமராவைக் கண்ணாடிக்குப் பின்னால் பிடித்துப் படம் எடுத்தேன்.

அக்டோபர் 20

படத்தில் பொட்டு வட்டம்.

அக்டோபர் 21

நேற்று அதற்குமேல் எழுத முடியவில்லை. மறுபடி எடுத்தேன், பெரிதாக்கினேன். ஊசியால் குத்தின மாதிரி சுத்தமான வட்டம். கண்ணால் பார்த்தால் திராட்சை.

லார்க்கிடம் நீட்டினேன். துப்பாக்கியில் இல்லை, வெறும் கண்ணாடிதான் என்று மூன்று தடவை சத்தியம் செய்த பிறகு எட்டிப் பார்த்தாள்.

"என்ன தெரியுது?"

"செவப்பா ஒரு புள்ளி."

"வால்?"

"என்ன வாலு? கென்னா, குடிச்சிருக்கியாடி?"

அப்போ மூணு கண்ணாடியும் நல்லா இருந்துச்சா. நான்தானா பழுது? பூனுக்குத் தெரிஞ்சா வருஷம் பூரா சிரிப்பான். சொல்ல மாட்டேன். டாக்டர்கிட்டயும் போக மாட்டேன். இத்தனை நாள் ஓடலையா என்ன?

அக்டோபர் 27



பொழுது சாயும் நேரம். லார்க் உள்ளே போஸியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். டிரெய்லருக்குப் பின்னால் ஒரு ஆள். உயரம், தோள் எல்லாம் வேட் மாதிரி. கையில் நீளமாக ஏதோ. ஒருவேளை சீக்கிரமே விட்டுட்டாங்களா? என் கை சட்டைக்குள்ளே போய்விட்டது. பிடியைப் பிடித்துவிட்டேன். முகத்தைப் பார்க்கிறேன், பார்க்கிறேன், முகமே வரவில்லை. சாம்பலைத் தேய்த்த மாதிரி ஒரு இடம்.

"கென்னாவா? போனை எடுக்கவே மாட்டியா நீ? டாங்க் காலியாகப் போகுது, குழந்தை குளிர்ல விறைக்கணுமா?"

ஹோவர்டு. கேஸ் நிரப்ப வருகிற ஹோவர்டு. கையில் இருந்தது குழாய்.

"என்ன, பேயைப் பார்த்த மாதிரி நிக்கிற?"

வயிற்று வலி என்றேன். அவர் இஞ்சி மிட்டாய் கொடுத்துவிட்டுப் போனார். துப்பாக்கியைப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். அந்த ஆளு பேசலைன்னா?

அக்டோபர் 28

கண் டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டேன். பூனிடமும் நானே சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன். தலையைச் சொறிந்துகொண்டு, "எங்க அப்பாவுக்கும் அப்படித்தான். அவரு ரெண்டைத் திருப்பி அனுப்பினாரு. நீ மூணு. சாதனை," என்றான். அப்புறம்தான் சிரித்தான்.

அக்டோபர் 31

டாக்டர் என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். பூசணிக்காய் படம் போட்ட காதணி.

"தெருவிளக்குக்கு வால் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும்தானே?"

எழுதிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். "இல்ல கென்னா. தெரியாது."

கருவிழி பந்து மாதிரி இல்லாமல் முட்டை மாதிரி வளைந்திருக்கிறதாம். பிறந்ததிலிருந்தே. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது தலை வலித்ததா என்று கேட்டாள். அவள் காதணியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 8

மூக்குக்கண்ணாடி வந்தது.

வேலியில் கம்பிக்கு முள் இருக்கிறது. தூரத்து மான்களுக்குக் கால் இருக்கிறது. லார்க்கின் புருவத்தில் ஒரு தழும்பு. அதை நான் இதுவரை பார்த்ததே இல்லை. எப்படி வந்தது என்று கேட்கவில்லை. தெரியும்.

சரளைக் குழியில் பொட்டு பொட்டாக இருந்தது. சின்னது, அலட்டாதது. காகிதத்தில் எல்லாக் குண்டும் ஒரு உள்ளங்கைக்குள்.

நவம்பர் 12

அவன் வெளியே வந்துவிட்டான். ஷெரிஃப் ஆபீஸிலிருந்து ஒரு அம்மா போன் செய்து சொன்னாள். லார்க் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே இருந்தாள், ரொம்ப நேரம்.

நவம்பர் 19

வந்தான்.

சாயங்காலம், பனி தூறிக்கொண்டிருந்தது. தபால் பெட்டி பக்கத்தில் ஒரு பிக்கப் நின்றது, எஞ்சின் ஓடியபடி. முன்னால் பார்த்திராத வண்டி. யாராவது வழி தவறி நிற்கலாம். ஜன்னலிலிருந்து நம்பர் பலகையைப் படித்தேன். இங்கே வயோமிங்கில் பலகையின் முதல் எண் கவுண்டி எண், மாவட்ட எண் மாதிரி. ஆளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நாங்கள் அதைத்தான் படிப்போம். பலகையில் வரைந்திருக்கும் துள்ளும் குதிரைக்கு இடதுபக்கம் எங்கள் எண் இல்லை. வேட்டின் அண்ணன் இருக்கிற கவுண்டியின் எண்.

வண்டிக் கண்ணாடியில் துடைப்பான் ஒரு தடவை போய் வந்தது. உள்ளே வேட்டின் முகம். தெளிவாக. தாடி வைத்திருந்தான்.

"லார்க், போஸியைத் தூக்கிட்டுக் குளியலறைக்குப் போ. தாழ்ப்பாள் போடு."

"அவனா?"

"போ."

ஷெரிஃப் ஆபீஸுக்குப் போன் போட்டு, பலகையின் எழுத்து எண் எல்லாம் ஒவ்வொன்றாகப் படித்தேன். வண்டி நிறம், ஆள், தாடி. "உறுதியாத் தெரியுமா?" என்றது அந்தக் குரல். "படிச்சுட்டுதான் சொல்றேன்."

துப்பாக்கி இடுப்பில் இருந்தது. பொட்டு சட்டைக்குள்ளே யாருக்கும் தெரியாமல் எரிந்துகொண்டிருந்திருக்கும். கதவைப் பார்த்தபடி நின்றேன். அவன் இறங்கவில்லை. கிளம்பியபோது ஷெரிஃப் வண்டி நெடுஞ்சாலை முனையிலேயே அவனை மறித்துவிட்டது. உத்தரவை மீறினதுக்கு மறுபடி உள்ளே.

நவம்பர் 24

என் பிறந்தநாள். பேட்டரி புதுசுதான், இருந்தாலும் மாற்றினேன். வழக்கம் வழக்கம்தான். ஸ்க்ரூ மேல் மறுபடி போட்ட பவளக் கோடு நேராக.

இருட்டத் தொடங்கியதும் லார்க் போஸியைப் போர்வையில் சுற்றிக்கொண்டு படிக்கு வந்தாள். கோடைக்குப் பிறகு அவள் வெளியே வந்து உட்கார்ந்தது இன்றுதான். மேகம் இல்லை.

"உனக்கு எப்பவுமே இப்படித்தான் தெரியுமா?" என்று கேட்டேன்.

"எது?"

"நட்சத்திரம். வெறும் புள்ளி புள்ளியா."

"வேற எப்படி இருக்கும்?"

"ஒண்ணுமில்ல."

கண்ணாடியைக் கழற்றினேன். எல்லாவற்றுக்கும் வால் முளைத்தது, வானம் முழுக்கக் கமா, பூ, திராட்சைக் கொத்து. கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு சாலையில் ஒரு வண்டிச் சத்தம் கேட்டது.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். ஹோவர்டு. கையசைத்துவிட்டுப் போனார்.