என் மூச்சை எண்ணிய மாணவி

அனுப்புநர்:
ச. லூர்துமேரி (வயது 61),
ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்,
தார்நாகா, ஹைதராபாத்.

பெறுநர்:
பதிவாளர் அவர்கள்,
செவிலியர் கல்விக் கண்காணிப்பு அலுவலகம்,
ஹைதராபாத்.

பொருள்: நோயாளியின் மூச்சை உள்ளபடி எண்ணி எழுதிய நான்காம் ஆண்டு நர்சிங் மாணவி செல்வி வெ. ஜெமிமா மீதான நடவடிக்கையை நிறுத்தவும், பார்க்காமலே நிரப்பப்படும் நோயாளிக் குறிப்பேடுகளை விசாரிக்கவும் வேண்டி, அந்த நோயாளியே எழுதும் புகார்.

பார்வை: கல்லூரி முதல்வர் மாணவிக்கு அளித்த குறிப்பாணை, நாள் 06.10.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தாங்கள் தமிழ் அறிந்தவர் என்று தங்கள் அலுவலகத்தில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இந்த விவகாரமே தமிழிலும் தெலுங்கிலும் உள்ள ஒரு சொல்லில் தொடங்கியது என்பதால் தமிழில் எழுதுகிறேன். கோபத்தை எழுதும் அளவுக்கு எனக்குத் தெலுங்கு வராது என்பதும் ஒரு காரணம். தெலுங்கு மொழிபெயர்ப்பை இணைத்துள்ளேன். மருத்துவமனையின் பெயரும் அதைச் சேர்ந்த கல்லூரியின் பெயரும் இணைப்பு ஒன்றில் உள்ளன. அவற்றை இங்கே திரும்பத் திரும்ப எழுத எனக்குக் கை கூசுகிறது.

1. கடந்த செப்டம்பர் 9ஆம் தேதி எனக்குப் பித்தப்பை அறுவை சிகிச்சை நடந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு எழுந்து உட்கார்ந்தேன். இருபத்தொன்பது வருடம் ஆராய்ச்சிக்கூடத்தில் கருவிகளைப் பார்த்து அளவு குறித்தவள் நான். எழுதிய தாள் கண்ணில் பட்டால் படிக்காமல் இருக்க மாட்டேன். கட்டிலில் தொங்கிய என் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்ற கட்டத்தில் வரிசையாக இருபது, இருபது, இருபது என்று இருந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் உரிய கட்டங்களில்கூட இருபது எழுதப்பட்டிருந்தது. நான் மாலையில் விடப்போகும் மூச்சைக் காலையிலேயே எண்ணி முடித்துவிட்டிருந்தார்கள். பக்கத்துக் கட்டிலிலும் இருபது, எதிர்க் கட்டிலிலும் இருபது. அங்கிருந்த மாணவி ஜெமிமாவிடம் கேட்டேன். ஆடிட்டுக்கு ஆள் வரும்போது கட்டம் காலியாக இருக்கக் கூடாதென்று முன்கூட்டியே நிரப்பச் சொல்லியிருக்கிறார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். அப்போதே நான் சத்தம் போட்டிருக்க வேண்டும். நமக்கென்ன என்று இருந்துவிட்டேன். அது என் தவறு.

2. பதினொன்றரை மணி வாக்கில் எனக்கு மூச்சு இழுத்துவிட முடியாமல் போனது. மாணவிகளை மேற்பார்க்கும் பயிற்றுநர் திருமதி காஞ்சனா அப்போது வார்டுக்கு வந்தார். அவர் சென்ற வருடம் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். தமிழ் தெரிந்தவர் கிடைத்தாரே என்று நிம்மதியோடு, எனக்கு ஆயாசமாக இருக்கிறது என்று சொன்னேன்.

3. இங்கே ஒன்றை விளக்க வேண்டும். என் தந்தை ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்காக இந்த ஊருக்கு வந்தவர்; நான் பிறந்து வளர்ந்தது இங்கேதான். எங்களைப் போன்ற வீடுகளில் ஆயாசம் என்றால் மூச்சிரைப்பு. தெலுங்கில் அதற்கு அதுதான் பொருள். தஞ்சாவூர்த் தமிழில் அது களைப்பு. "ஆயாசம்னா அசதிதானேம்மா, தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு, குறிப்பேட்டில் களைப்பு என்று எழுதிவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார். தமிழே தெரியாத ஒருவரிடம் சொல்லியிருந்தால் நான் பிழைத்திருப்பேன் என்று அந்த நேரத்தில் நினைத்தேன்.

4. சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டதற்காக நான் புகார் செய்யவில்லை. அது யாருக்கும் நேரும். என் நெஞ்சு விலுக்கு விலுக்கென்று ஏறி இறங்குவதைப் பார்க்க எந்த மொழியும் தேவையில்லை. ஒரே ஒரு நிமிடம் நின்று எண்ணியிருந்தால் போதும். கட்டத்தில்தான் ஏற்கெனவே இருபது இருக்கிறதே, பிறகு எதற்கு எண்ணுவது என்ற எண்ணம்தான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

5. ஜெமிமா எண்ணினாள். போலாரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் பெண் அவள். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. "ஆன்ட்டி, ஆயாசம் அன்டே மூச்சு இரைக்கிறதுதானே?" என்று கேட்டாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி முழு நிமிடம் எண்ணினாள். சந்தேகப்பட்டு இன்னொரு நிமிடமும் எண்ணினாள். முப்பத்துநான்கு. பன்னிரண்டு மணிக் கட்டத்தில் இருந்த இருபதை ஒரு கோட்டால் அடித்து, பக்கத்தில் 34 என்று எழுதிக் கையெழுத்திட்டாள். பயிற்றுநரிடம் போய்ச் சொன்னபோது, உனக்கு எண்ணத் தெரியவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டாள். திரும்பி வந்து என்னைப் பார்த்தாள். பிறகு நேராக டியூட்டி டாக்டருக்குப் போன் செய்தாள். அவர் உடனே வந்தார். என் நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்திருந்தது. நான்கு நாள் ஐ.சி.யூ.வில் கிடந்தேன். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் எதுவும் உறுதி சொல்லியிருக்க முடியாது என்று அந்த மருத்துவரே என்னிடம் கூறினார்.

6. இதற்குப் பிறகு நடந்ததையும் தாங்கள் அறிய வேண்டும். செப்டம்பர் 17ஆம் தேதி அங்கே நோயாளிப் பாதுகாப்பு தினம் கொண்டாடினார்கள். பலூன் கட்டி, கேக் வெட்டி, என்னைச் சக்கர நாற்காலியில் கொண்டுபோய் உட்காரவைத்துச் சால்வை போர்த்தினார்கள். திருமதி காஞ்சனாவை என் பக்கத்தில் நிறுத்திப் புகைப்படம் எடுத்தார்கள். பயிற்றுநரின் விழிப்பான கண்காணிப்பால் உயிர் பிழைத்தவர் என்று கல்லூரித் துண்டுப் பிரசுரத்தில் அந்தப் படம் வந்திருக்கிறது. ஜெமிமா அப்போது பேப்பர் தட்டுகளில் கேக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சால்வையை நான் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை.

7. என் குறிப்பேட்டின் நகலை மூன்று முறை அலைந்து வாங்கினேன். அதில் முப்பத்துநான்கு இல்லை. வெள்ளை மை பூசி, மேலே இருபது என்று எழுதியிருக்கிறார்கள். நகலிலேயே பூச்சின் திட்டு தெரிகிறது. பார்க்காத அளவைப் பார்த்ததாக எழுதினால் எங்கள் லேபில் மறுநாள் வேலைக்கு வர முடியாது. அங்கே நாங்கள் அளந்ததெல்லாம் குடுவையில் இருந்த திரவத்தை. இங்கே இவர்கள் பூசி மறைத்திருப்பது என் மூச்சை.

8. குறிப்பாணையில் ஜெமிமா மீது மூன்று குற்றங்கள்: தவறாக எண்ணினாள், நோயாளியைப் பயமுறுத்தினாள், பயிற்றுநரை மீறி மருத்துவரை அழைத்தாள். நோயாளிப் பாதுகாப்பும் முடிவெடுக்கும் திறனும் என்ற பகுதியில் இருபத்தைந்துக்குப் பூஜ்யம் போட்டிருக்கிறார்கள். தான் எண்ணியது தவறு என்று மன்னிப்புக் கடிதம் கொடுக்க வேண்டும், இல்லையேல் இறுதித் தேர்வுக்கு ஹால் டிக்கெட் கிடையாது. நான் பயந்தது உண்மைதான் ஐயா. அவளைப் பார்த்துப் பயப்படவில்லை. சிகிச்சை திருப்தி என்று எழுதித் தரும்படி என்னிடமும் ஆள் அனுப்பினார்கள். முடியாது என்று சொல்லி வாசலோடு அனுப்பிவிட்டேன்.

9. சென்ற சனிக்கிழமை அவள் தன் தந்தை வெஸ்லியுடன் என் வீட்டுக்கு வந்தாள். நான்கு வருடப் படிப்பு வீணாகிவிடும், கையெழுத்துப் போட்டுவிடு என்று அவர் கெஞ்சிக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் அழவில்லை. என்னைப் பார்த்து, "சைன் பண்ணிடறேன் ஆன்ட்டி. இனிமே நானும் இருபதே எழுதிடறேன்" என்றாள். இன்னும் முப்பது வருடம் வார்டுகளில் நிற்கப்போகும் பெண் அப்படிச் சொன்னாள். அன்றிரவே இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

ஆகவே, மேற்படி குறிப்பாணையை உடனே நிறுத்திவைக்க வேண்டுகிறேன். முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு நாள் காலை பத்து மணிக்கு அந்த வார்டுக்குத் தாங்களே சென்று, மாலை ஆறு மணிக் கட்டத்தைப் பார்க்க வேண்டுகிறேன். பூசி மறைத்தவர் யார் என்று விசாரித்து, என் குறிப்பேட்டில் உண்மையான எண்ணைத் திரும்ப எழுதச் செய்ய வேண்டுகிறேன். எந்த விசாரணைக்கும் நேரில் வந்து சாட்சி சொல்ல நான் தயார்.

வரும் வெள்ளிக்கிழமை, அக்டோபர் 17, காலை பதினோரு மணிக்குக் கையெழுத்துப் போட அவளை முதல்வர் அறைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு வரும் ஆணை அவளுக்கு ஹால் டிக்கெட் வாங்கித் தரலாம். அவளை மறுபடி எண்ணவைக்காது. வெள்ளிக்கிழமைக்கு முன் தங்கள் ஆணை அங்கே போய்ச் சேர வேண்டும் ஐயா.

இப்படிக்கு,
உயிரோடு இருக்கும் நோயாளி,
(ஒப்பம்) ச. லூர்துமேரி

இடம்: தார்நாகா, ஹைதராபாத்
நாள்: 13.10.2025

இணைப்பு: 1. மருத்துவமனை, கல்லூரி விவரம் 2. குறிப்பேட்டின் நகல் 3. குறிப்பாணை நகல் 4. துண்டுப் பிரசுரம் 5. தெலுங்கு மொழிபெயர்ப்பு