மருதாள் எழுந்திருக்காத முதல் வட்டம்

என் பிரியமுள்ள ராசம்மா அக்காவுக்கு,

காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. நம் பள்ளிக்கூடத்துச் சேதியை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

வயதையும், சாதிக்கொரு தெருவாக இருக்கும் வளவையும் பார்க்காமல், வாசிப்பை மட்டும் பார்த்துப் பிள்ளைகளை மூன்று வட்டமாக உட்கார வைத்தீர்கள். சரளமாக வாசிப்பவர்கள் முதல் வட்டம். எழுத்துக்கூட்டுகிறவர்கள் அடுத்தது. மணலில் எழுதும் சின்னதுகள் கடைசி. வட்டத்துக்கு ஒரே புத்தகம் என்பதால் தலைகள் முட்டிக்கொள்ளும். நன்றாக வாசிக்கிறவர்தான் அந்த வட்டத்துக்குச் சட்டாம்பிள்ளை. சேரியிலிருந்து வரும் மருதாள் அப்படித்தான் முதல் வட்டத்தின் சட்டாம்பிள்ளை ஆனாள்.

போன வாரம், பெரிய தோட்டத்துக்காரர் மகள் ருக்மணி வீட்டில் பாடம் வாசித்திருக்கிறாள். அப்பா திருத்தப் போக, "அப்படியில்லீங்கப்பா, எங்க சட்டாம்பிள்ளை மருதா இப்படித்தான் சொல்லித் தந்தா" என்றிருக்கிறாள். பெருமையாகத்தான் சொன்னாளாம்.

மறுநாள் ஈரோட்டு மஞ்சள் மண்டிக்குப் போகிற வழியில் அவர் நம் பள்ளிக்கூடத்து வாசலில் வண்டியை நிறுத்தினார். செருப்பை வெளியே விட்டு, கைகூப்பி நின்றார்.

"ஏனுங்க வாத்தியாரம்மா, பெரியவங்க போயிட்டாங்க. அவிய போட்ட வட்டமும் அவிய கூடவே போகட்டுமுங்க. அந்தந்த வளவுப் புள்ளைங்கள அந்தந்தப் பக்கம் உக்கார வெச்சுப்போடுங்க."

"படிப்பைப் பாத்துத்தானுங்களே பிரிச்சிருக்குது?"

"சரிதானுங்க." அண்ணாந்து கூரையைப் பார்த்தார். "ஓலை நல்லாக் காஞ்சு கெடக்குது. வெயில் காலமுங்க. பாத்து இருந்துக்குங்க, அம்மணி."

இவ்வளவு மரியாதையாக ஒருவர் மிரட்டி நீங்கள் கேட்டதுண்டா, அக்கா?

இன்று ருக்மணி வரவில்லை. முதல் வட்டத்தில் மருதாளைத் தவிர யாருமே வரவில்லை. மருதாளின் அப்பா, ருக்மணியின் அப்பாவைப் பண்ணாடி என்று கும்பிட்டு அந்தத் தோட்டத்தில்தான் வேலை செய்கிறார். வாசலுக்கு வெளியே நின்று கூப்பிட்டார்.

"பண்ணாடி ஒண்ணும் சொல்லலீங்க. சும்மா என்னைப் பாத்தாருங்க. எம்புள்ளைய அந்தக் கடைசி வட்டத்துல உக்கார வெச்சுருங்க, சாமி."

உள்ளே போய், "கண்ணு, நீ இன்னிக்குக் கடைசி வட்டத்துல உக்காந்துக்கோ" என்றேன். மருதாள் புத்தகத்திலிருந்து விரலை எடுக்கவில்லை.

"நானும் எந்திரிச்சுட்டா இந்த வட்டமே இல்லாமப் போயிருமுங்களே?"

அவளை அங்கேயே வாசிக்க விட்டேன். சாயங்காலம் நான் கதவைப் பூட்டும்போது, முன்பின் பார்த்திராத இரண்டு பேர் எதிரே உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். "போயிட்டு வாங்க அம்மணி" என்றார்கள், நெடுநாள் பழகியவர்கள் போல.

நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? உங்கள் நரைக்கு அவர்கள் அடங்கினார்கள். காலேஜ் படிப்பை முடித்த கையோடு நீங்கள் கூப்பிட்டதற்காக வந்து சேர்ந்த எனக்கு, இந்த ஊரில் யார் அடங்குவார்கள்? மருதாள் அப்பாவின் பிழைப்பு என்னாகும்? தெரியவில்லை.

ஆனால் அவளை எழுப்ப மாட்டேன், அக்கா. நாளைக்கு அவள் வந்தால், நாற்காலியை விட்டிறங்கி அந்த வட்டத்தில் அவளுக்குப் பக்கத்தில் நான் உட்காருவேன். அவள் வாசிப்பாள், நான் கேட்பேன். யார் வாசலில் வந்து நின்றாலும் பாடம் முடியாமல் நாங்கள் எழுந்திருக்க மாட்டோம்.

உங்கள் கூடப்பிறக்காத தங்கை,
சிவகாமி