மைதீனின் வேணாடு

5-7-2025, சனி. ஆனி 21.

விடிந்ததிலிருந்து சாரல். கொடியில் துணி காயவில்லை. மடிக்கணினி இன்னும் அணைக்கப்படவில்லை. திரையில் கி.பி. 1463, ஆகஸ்ட் 9. ஜூன் 17 செவ்வாய் மாலையிலிருந்து அதே தேதி.

அன்று நடந்தது, ஒழுங்காக ஒருமுறை எழுதி வைக்க: கணினியில் நாங்கள் ஆடும் அரசாட்சி ஆட்டத்தில் நான் தென்காசிப் பாண்டியன். நண்பர் காதர் மைதீன், கடையநல்லூரில் தம் வீட்டிலிருந்தபடி, வேணாட்டு மன்னர். பேச்சு தொலைபேசியில். ஒருவர் எழுந்தால் ஆட்டத்தை நிறுத்துவது, எழுந்தவர் திரும்பி வந்து தாமே ஓடவிடுவது. எங்கள் விதி. "ரெண்டு நிமிசம் அண்ணாச்சி, தொழுதுட்டு வாறேன். அதுக்குள்ள என் துறைமுகத்து மேல கண்ணு வைக்காதீய" என்று எழுந்தார். வரவில்லை. பக்கவாதம். வலக்கை, வலக்கால், பேச்சு மூன்றும் போயின. அறிவு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று மருத்துவரால் சொல்ல முடியவில்லை. இப்போது வீட்டில்.

என் மனைவி கோமதி: "அத அணைச்சுத் தொலைங்களேன். சூடேறி வெடிச்சிரப் போவுது."

அணைக்கவில்லை.

6-7-2025, ஞாயிறு.

கடையநல்லூர். பேருந்தில் நின்றபடியே. கொண்டுசென்றவை: சாத்துக்குடி, சவரக் கத்திக்குப் பிளேடு (பழைய வகை, வேறு எதையும் மைதீன் தொடமாட்டார்). சவரம் செய்யாத முகம். பார்க்கப் பொறுக்கவில்லை.

கண் திறந்திருந்தது. என்மேல் நிற்கவில்லை. விஜயநகரத்துப் படையெடுப்பைச் சொன்னேன். மிளகு விலை ஏறியதைச் சொன்னேன். நம் கூட்டணி நிலைத்திருக்கிறது என்றேன். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் எதிரிலேயே அவரைப் பற்றி, இல்லாதவரைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுகிறார்கள். மருமகன் ரபீக்: "கைகால் பயிற்சி குடுக்க வார பொண்ண 14ஆம் தேதியோட நிறுத்திரலாம்னு இருக்கோம் சார். புரிஞ்சாத்தான பயிற்சி? செவுத்துகிட்ட பேசுத மாதிரி இருக்குன்னு அந்தப் பொண்ணே சொல்லுது."

மகள் பாத்திமா வாசல் வரை வந்தாள். "மாமா, உங்களையாவது வாப்பாக்குத் தெரியுதா?"

தெரிகிறது என்றேன். பொய்.

14-7, திங்கள். அதன் பிறகு அந்தக் கட்டிலும் அந்தச் சுவரும் மட்டும்.

8-7-2025, செவ்வாய்.

எங்கள் ஆட்ட நாள். மழை இல்லை. வெறும் காற்று. மூட்டு வலி.

செய்யத் தகாத ஒன்றைச் செய்தேன். வேணாட்டைக் கணினியின் பொறுப்பில் விட்டேன். ஆளில்லாத அரசை அதுவே நடத்தும். வேணாடு அசைவதைப் பார்த்தால் போதும் என்றிருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. மைதீன் பொறுமையாகக் கட்டிய கப்பற்படையை ஒரே நாளில் கலைத்தது. கொச்சியோடு காரணமற்ற போர். மைதீன் ஒரு காரியத்துக்கு முன் மூன்று காரியம் செய்வார். மூன்றும் வேறு எதற்கோ என்று தோன்றும். இதற்கோ நினைத்தவுடன் வாள். அந்த நாற்காலியில் யாரோ அவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்ததுபோல் இருந்தது. பழைய சேமிப்புக்குத் திரும்பினேன். மீண்டும் ஆகஸ்ட் 9.

கோமதி: "செத்துப்போன ராசாக்களுக்கு வரி வசூல் பண்ணி உங்க ரெண்டு பேருக்கும் என்னதான் கெடைக்குது?"

"பொழுது போகுது" என்றேன். அது விடையன்று. நில அளவைத் துறையில் பணிக்காலம் முழுவதும் பிறர் வகுத்த எல்லைகளை அளந்தவன் நான். ஒரு கல்லைக்கூட நகர்த்தியதில்லை. இங்கே நகர்த்தலாம். நகர்த்தியதன் பலன் பத்தாண்டு கழித்து எங்கோ ஒரு சந்தையில், ஒரு வாரிசுச் சண்டையில் வந்து நிற்கும். யார்மேலும் பழி போட முடியாது. கற்கக் கற்கக் கற்க வேண்டியது கூடும். இதுவும் முழு விடையன்று. எதிரில் இருப்பவர் என்ன எண்ணுகிறார் என்று அல்லும் பகலும் எண்ண வேண்டியிருக்கிறது. வேறு எந்த மனிதரையும் நான் அவ்வளவு கவனமாக எண்ணிப் பார்த்ததில்லை, கோமதியையும் சேர்த்து.

பி.கு.: வரைபடத்தில் செங்கோட்டைக் கணவாய் பிழையான இடத்தில். தயாரிப்பாளர்களுக்கு மறுபடியும் மின்னஞ்சல். பதில் வராது.

10-7-2025, வியாழன். பௌர்ணமி.

கோமதியின் வற்புறுத்தலால் ஐந்தருவி. நீர்வரத்து மிதம். கூட்டம். பின்னால் ஒரு பையன் இன்னொருவனிடம்: "ஏலே, தலைய உள்ள குடுலே. நனையாம நிக்கதுக்கா சுரண்டையிலேருந்து பஸ் ஏறி வந்த?"

எண்ணெய் தேய்த்துவிடுபவர்: "உக்காருங்க அண்ணாச்சி. ஒரு தேய்ப்புல மூளை குளுந்து போவும்." மூளை என்ற சொல் பொறுக்கவில்லை. எழுந்து அருவிக்குள் போய் அழுதேன். அழுவதற்கு வசதியான இடம், யாருக்கும் தெரியாது.

திரும்பியதும் பாத்திமாவிடம் தொலைபேசியில் கேட்டேன், கணினியைக் கொண்டுவரலாமா என்று. "கொண்டு வாங்க மாமா. அவுக ஏதும் சொன்னா நான் பாத்துக்கிடுதேன்." அவுக: ரபீக்.

இது பலிக்காவிட்டால் என்னிடம் வேறு வழி இல்லை.

12-7-2025, சனி.

தூறல். மடிக்கணினியைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றிக் கொண்டுபோனேன்.

மைதீனின் கணினியைப் பாத்திமா அவர் மடிமேல் பலகை வைத்து ஏற்றினாள். மவுஸை இடக்கைக்குக் கொடுத்தேன். என் கணினியோடு நான் கட்டிலின் கால்மாட்டில். ஓடவிட வேண்டியவர் அவர். காத்திருந்தேன். அம்புக்குறி கடலில் அலைந்தது. இலங்கைக்குக் கீழே போய் நின்றது.

ரபீக்: "சார், மீன் புடிக்காரு போல." பாத்திமா அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

ஆகஸ்ட் 10.

கை பட்டிருக்கலாம் என்று ரபீக் சொன்னார். நானும் அப்படித்தான் பயந்தேன். 11. 12. நாள்கள் ஓடின. வேணாட்டிலிருந்து எந்த உத்தரவும் இல்லை. விஜயநகரத்தைத் தடுக்க என் படை முழுவதையும் வடக்கே அனுப்பினேன். கூட்டாளியிடம் துணைப்படை கேட்டேன். பதில் இல்லை. செப்டம்பர். அவருடைய கப்பல்கள் கொல்லத்துக்குத் திரும்பின. கொச்சியோடு ஒரு நட்பு ஒப்பந்தம். அவருடைய காலாட்படை மலையடிவாரத்தில் கூடியது. எனக்கு உதவ வருகிறார் என்று பாத்திமாவிடம் சொன்னேன்.

என் படை காவிரியைக் கடந்த மறுநாள் கூட்டணியை முறித்தார். போர் அறிவிப்பு. அவர் படை செங்கோட்டைக் கணவாய்க்குள்.

அறிவு இல்லாத கை இப்படிச் செய்யாது என்று ரபீக்கிடம் விளக்கத் தொடங்கினேன். கப்பல், ஒப்பந்தம், அடிவாரம், காவிரி என்று வரிசையாக. பாதியில் நிறுத்திவிட்டேன். பாத்திமா குனிந்து கேட்டாள்: "வாப்பா, இப்ப யாரு மேல சண்டைக்குப் போறிய?"

இடக்கை மவுஸை விட்டது. விரல் ஒன்று மெல்ல நிமிர்ந்து என்னைக் காட்டியது. வாயின் இடப்பாதி சிரித்தது.

ரபீக் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பயிற்சிப் பெண்ணிடம் அவர் பேசியது கேட்டது: "திங்கக்கிழமையோட நிறுத்த வேண்டாம்மா. தொடர்ந்து வாங்க."

என் படை திரும்பி வர ஒன்றரை மாதமாகும். மதில் அதுவரை தாங்காது. தென்காசி முற்றுகையில்.